உன் அப்பா இளைத்த கதையின் மீதி

நெயாஃபு,
ஞாயிறு, ஆராதனை முடிந்த பிற்பகல்

என் மூத்த மகன் ஃபினாவுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இங்கே நாங்கள் யாரும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் எலெனோவாவும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன், இந்தத் தடவை கேட்க வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை எலெனோவா போன் பண்ணினாள். நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினாள். கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தபோது நீ மயங்கி விழுந்தாயாம், பக்கத்தில் அடுக்கிவைத்திருந்த பெட்டிகள் மேல் சாயாமல் தரையில் விழுந்ததால் தலை தப்பித்ததாம். போன வருஷமே உனக்குச் சர்க்கரை என்று மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்களாம். இதெல்லாம் நான் உன் மனைவி வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. அவளை நீ ஒரு வார்த்தை திட்டக்கூடாது, சொல்லிவிட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னது இதுதான்: "அத்தை, கிறிஸ்மஸுக்கு அங்க வரதுக்குள்ள இளைக்கணும்னு ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டாரு. காலையில எலுமிச்சத் தண்ணி, மத்தியானம் ஒண்ணுமில்ல. கேட்டா, எங்கப்பா மூணு மாசத்துல இறக்கினாரே, நான் அவரு புள்ளதானே, நானும் இறக்குவேன்ங்கிறாரு." அதைக் கேட்டபிறகு எனக்கு அன்று சோறு தண்ணி இறங்கவில்லை. போனில் பேசலாம் என்றால் நீ ஏதாவது ஒரு வேடிக்கை சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிட்டு வைத்துவிடுவாய், சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்த வித்தை உண்டு. அதனால் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை விமானத்தில் அங்கே வரும் உன் சித்தி மகள் கையில் கொடுத்தனுப்புகிறேன், உட்கார்ந்து முழுவதும் படி.

உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் போட்டோ எனக்குத் தெரியும். சபையில் எடை குறைப்புப் போட்டி வைத்த வருஷம், உன் அப்பா சமிசோனி முதல் பரிசு வாங்கிக் கழுத்தில் பூமாலையோடு நிற்பது. சபைக்குக் கட்டிப்போகும் இடுப்புப்பாய் அவரை ரெண்டு சுற்றுச் சுற்றியிருக்கும், முகம் உன் தாத்தா முகம் மாதிரி ஒட்டிப்போயிருக்கும். அந்தப் போட்டோவைத்தான் நீ பார்த்தாய், அவர் அதற்கு என்ன செய்தார் என்பதை நான் பார்த்தேன். வேகவைத்த மீன் ஒரு துண்டு, தர்பூசணி, வேறொன்றும் கிடையாது. உச்சி வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு துறைமுகச் சாலையில் ஓடுவார், திமிங்கலம் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் படகில் ஏறாமல் இவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் யாரும் அவரோடு பேச முடியாது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். உன் தங்கை ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு வறுத்தாள் என்பதற்காகச் சட்டியைத் தூக்கி வெளியே எறிந்தார். பரிசு கொடுத்த அன்று சபையில் பெரிய விருந்து வைத்தார்கள், வேடிக்கையைப் பார். இளைத்தவர்களுக்கெல்லாம் கௌரவம் என்று சுட்ட பன்றியும், சேம்பிலையில் கறியைப் பொதிந்து தேங்காய்ப்பால் ஊற்றிய லூவும் மலை மாதிரிக் குவித்தார்கள். உன் அப்பா அன்று சாப்பிட உட்கார்ந்தவர்தான். போட்டி முடிந்துவிட்டது, இனி எதற்கு அந்தக் கஷ்டம் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். அடுத்த வருஷம் அந்த மாதம் வருவதற்குள் போனதெல்லாம் திரும்பி வந்து மேலேயும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. இந்த ஊர் எதைப் பார்த்தாலும் கேலி செய்யும் ஊர், ஆனால் அதைப் பற்றி ஒருவரும் அவர் முகத்துக்கு நேராகப் பேசவில்லை. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர் தானாகவே பின்வரிசைக்குப் போய்விட்டார்.

அப்புறம் காலில் அந்தப் புண். கட்டை விரலுக்கு அடியில் ஒரு முள் குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை, வாடை வந்த பிறகுதான் நான் பார்த்தேன். விரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள், தப்பியது. சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்தார்கள். உன் அப்பாவின் ரோஷம் உனக்குத் தெரியுமே, இதையும் மூணு மாசத்தில் முடித்துக்காட்டுகிறேன் என்று கிளம்பினார். யாரோ கப்பலில் வந்தவன் விற்ற பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார், சாப்பாட்டைத் தொடமாட்டார், ஆனால் மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்குவார். நீ இப்போது செய்துகொண்டிருக்கிறாயே, அதேதான், ஒரு மாற்றமும் இல்லை. சந்தைக்குப் பெண்களை அவர் ஏற்றிப்போகும் வேன் ஈரப்பலா மரத்தில் மோதியது உனக்குத் தெரியும். ஏன் மோதியது என்று நீ கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மழையும் இல்லை, சாலை வழுக்கவும் இல்லை. வெறும் வயிற்றில் போட்ட மாத்திரையில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, சரிவில் போகும்போது அவருக்கு வேர்த்துக் கொட்டி, கண் இருண்டுவிட்டது. கொஞ்சம் இடதுபக்கம் போயிருந்தால் மரம் இல்லை, கடல். உள்ளே இருந்தது நாங்கள்தான்: நான், உன் சிசிலியா அத்தை, பக்கத்து வீட்டு டோனிகா, அவள் மருமகள் கைக்குழந்தையோடு. நான் பின்சீட்டில் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் இருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தைக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து அவள் கத்தினாள் பார், "டேய் சமிசோனி, தூங்கிக்கிட்டா வண்டி ஓட்டுற? எங்களக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டப் பாத்தியா?" என்று. பிறகு அவர் ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து வாய் குழறுவதைப் பார்த்தாள். கை வலியை மறந்துவிட்டு, "ஐயோ லூபே, இவன் செத்துக்கிட்டிருக்கான், எதையாச்சும் வாயில ஊத்து" என்று அலறினாள். டோனிகாதான் குழந்தைக்கு வைத்திருந்த சர்க்கரைத் தண்ணீரை அவர் வாயில் ஊற்றினாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது ஃபினாவு. எலெனோவா போனில் நீ விழுந்ததைச் சொன்னபோது நான் கிடங்கைப் பார்க்கவில்லை, அந்த மரத்தைத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் வண்டிச் சாவியைத் தொடவில்லை. வேனைச் சரிசெய்து டோனிகாவின் மகனுக்கு ஓட்டக் கொடுத்துவிட்டார். வண்டி இல்லாததால் தோட்டத்துக்கு நடந்துதான் போக வேண்டும், வேறு வழியில்லை. அப்படித்தான் அது தொடங்கியது, யாரும் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. கிளினிக்கில் இருக்கும் நர்ஸ் மெலெனைட்டே, நம் தபால்காரர் மகள், அவளும் ஒன்றும் ஒல்லி இல்லை, புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அவரிடம் சொன்னாள், "மாமா, நீங்க செய்யுறதெல்லாம் பந்தயம். பந்தயம் முடிஞ்சா எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. எதச் செய்யறதா இருந்தாலும், கிழவனாகிச் சாகுற வரைக்கும் இதச் செய்ய முடியுமான்னு கேளுங்க. முடியும்னா செய்யுங்க, முடியாதுன்னா இன்னிக்கும் வேணாம்." மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லி அளவு மாற்றிக்கொடுத்தாள். வீட்டுக்கு வந்து உன் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "மீனும் தர்பூசணியும் சாகுற வரைக்கும் என்னால தின்ன முடியாது லூபே" என்றார். சரி, என்ன முடியும் என்று ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சாப்பாட்டைப் பற்றி நாங்கள் அப்படிப் பேசியதே இல்லை, இன்னும் போடவா போதுமா என்பதைத் தவிர.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை மகனே, நீ கேட்டால் சிரிப்பாய். டின் மாட்டுக்கறியும் ஆட்டு விலாக்கறியும் வீட்டுக்குள் வாங்கி வைப்பதில்லை, வைத்தால் தின்போம், அது எங்களுக்குத் தெரியும். தேங்காய்ப்பால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். கிழங்கு உண்டு, ஆனால் தட்டை நிரப்புவது கீரையும் மீனும், கிழங்கு ஓரத்தில் உட்காரும், முன்பு நேர்மாறாக இருந்தது. டீயில் சர்க்கரையை விடச் சொன்னதற்குத்தான் பெரிய சண்டை. ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார், "சர்க்கரை இல்லாத டீ குடிக்கிறதுக்கு நான் கடல் தண்ணியே குடிப்பேன்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம், இப்போது யாராவது சர்க்கரை போட்டுக் கொடுத்தால் துப்பிவிடுகிறார். நானும் அவர் சாப்பிடுவதையே சாப்பிட்டேன், ஒரு வீட்டில் ரெண்டு அடுப்பு எரிய முடியாது, எனக்கும் முழங்கால் வலி குறைந்தது. முதல் ரெண்டு மாதம் எடை நகரவே இல்லை. கோபத்தில் எடை பார்க்கும் மெஷினைத் தூக்கிப் பன்றிக் கொட்டிலில் போட்டுவிட்டார், உன் தங்கை சொன்னாள், அப்பா, இனி பன்றிதான் இளைக்கும் என்று, அன்றைக்குத்தான் அவர் ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார். அதற்குப் பிறகு கிளினிக்குக்குப் போகும்போது மட்டும் பார்ப்பது. மூன்று மாதத்தில் இறங்கியது இந்தத் தடவை இறங்க ஒன்றரை வருஷம் ஆனது. யாரும் மாலை போடவில்லை, போட்டோ எடுக்கவில்லை.

கஷ்டம் பசியில் இல்லை ஃபினாவு, மனிதர்களில்தான். நம் ஊரில் சோற்றை மறுப்பவன் மனிதரையே மறுக்கிறான் என்று அர்த்தம். அத்தையின் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தன் கையால், ஆமாம், முறிந்து கூடிய அதே கையால், அவருக்கு ரெண்டாவது லூவை எடுத்து வைத்தாள். இவர், "போதும்க்கா" என்று தட்டை நகர்த்திவிட்டார். அத்தை சொல்லுக்கு மேல் நம் குடும்பத்தில் சொல் ஏது, உன் கல்யாணத்திலும் அவளுக்குத்தானே முதல் பாய் விரித்தோம். அவள் முகம் கறுத்துவிட்டது. "என் கையால போட்டத ஒதுக்குறியா? உன்னால முறிஞ்ச கைடா இது. யாரு சொல்லிக் குடுத்தா, உன் பொண்டாட்டியா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அதிலிருந்து மாதக்கணக்கில் அவள் நம் வீட்டுப் படி ஏறவில்லை. ஊரில் ஒருத்தி அவருக்குப் புற்றுநோய் என்றாள், இன்னொருத்தி லூபே புருஷனைப் பட்டினி போடுகிறாள் என்றாள். சந்தையில் நான் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். உன் அப்பா ராத்திரியானால், "அக்கா வந்தாளா?" என்று மட்டும் கேட்பார். ரெண்டு தடவை நானே, போங்கள், போய் அவள் போடுவதைத் தின்றுவிட்டு வாருங்கள், எனக்கு இந்தப் பகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் போகவில்லை.

ஜனவரி ஜெப வாரத்தில் சபைக்கு விருந்து மேசை போடும் முறை நமக்கு வந்தது. வழக்கப்படி போட்டால் அவர் ஒன்றரை வருஷம் பட்டதற்கு அர்த்தமில்லை, போடாவிட்டால் குடும்பத்துக்கே அவமானம். கடைசியில் ஒரு பன்றி மட்டும் சுட்டோம், அது இல்லாமல் போதகர் முகத்தில் விழிக்க முடியாது. மற்றபடி மீன், சுட்ட கிழங்கு, கீரை, பப்பாளி, அன்னாசி. டின் கறி இல்லை, விலாக்கறி இல்லை, கலர் தண்ணீர் பாட்டில் இல்லை, இளநீர் வைத்தோம். ஜனங்கள் வந்து உட்கார்ந்து மேசையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ, "சமிசோனி வீட்டுல கஷ்டம் போலிருக்கு" என்றது எனக்கே கேட்டது. அப்போது அத்தை வந்தாள். அவளை அழைக்காமல் எப்படி இருக்க முடியும், அழைத்திருந்தோம், வருவாள் என்று நினைக்கவில்லை. தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள், மேசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு பார்வை பார்த்தாள். மீனை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "என் தம்பி வீட்டு மேசை இது. பேசுற வாயெல்லாம் சாப்பிடலாம்" என்றாள். அவ்வளவுதான், எல்லாரும் சாப்பிட்டார்கள். போகும்போது வாசலில் உன் அப்பாவை நிறுத்தி, "என் வீட்டுக்கு வரும்போது எவ்வளவு போடணும்னு அடுப்படியிலயே வந்து சொல்லு, தட்டுல வெச்ச பெறகு சொல்லாத. அதுதான்டா என்னை அறுத்துச்சு" என்றாள். அவர் குழந்தை மாதிரித் தலையாட்டினார்.

இத்தோடு முடிந்தது என்று எழுத ஆசைதான், முடியவில்லை. ஆகஸ்டில் அத்தையின் வீட்டுக்காரர் தவறிப்போனது உனக்குத் தெரியும், சாவு வீட்டுக் காரியமெல்லாம் முடியும்வரை இரவும் பகலும் சமையல்தான், துக்கத்தில் யார் அளவு பார்ப்பார்கள். உன் அப்பா மச்சானுக்காக அழுதார், சாப்பிட்டார், காவா வேர்ச்சாறு குடித்தார், மறுபடியும் சாப்பிட்டார். காரியம் முடிந்து கிளினிக்குக்குப் போய் வந்தவர் கட்டில் விளிம்பில் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "ஏறிடுச்சு லூபே" என்றார். பழையபடி ஆகிவிடுமோ, அந்தப் பொடியைத் தேடுவாரோ என்று பயந்தேன். மறுநாள் விடிந்ததும் பார்க்கிறேன், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு நடக்கிறார், காலையில் வழக்கமாகச் சாப்பிடும் பப்பாளியும் வேகவைத்த வாழைக்காயும் சாப்பிட்டுவிட்டுத்தான். பட்டினியும் இல்லை, சபதமும் இல்லை. ஏறியதில் பாதி இன்னும் இறங்கவில்லை. ஆனால் எனக்கு அன்று வந்த நிம்மதி அந்தப் பரிசளிப்பில் கூட வந்ததில்லை.

அதனால் கண்ணு, கிறிஸ்மஸுக்காக இளைக்காதே. நீ எந்த உடம்போடு வந்தாலும் நான் துறைமுகச் சாலைவரை ஓடிவந்து கட்டிக்கொள்வேன், சவப்பெட்டியில் வருவதை மட்டும் என்னால் பார்க்க முடியாது. எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள், எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு எலெனோவாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போ. நீ சாப்பிடாமல் மாத்திரை போடுவதை மறைக்காமல் சொல். அவர்கள் ஊசி, ஆபரேஷன் என்று என்ன சொன்னாலும் பயப்படாமல் கேட்டுக்கொள், அதெல்லாம் எனக்குத் தெரியாது, நான் சொல்வதெல்லாம் நீ சாகும்வரை செய்யக்கூடியதைச் செய் என்பதுதான். ராத்திரி வேலை முடிந்து வரும்போது நீ வாங்கித் தின்னும் அந்த எண்ணெய்ப் பலகாரக் கடைப் பக்கம் வராத வேறு வழியில் வா. சோடா பாட்டில் பிள்ளைகளுக்காகத்தான் வாங்குகிறேன் என்று சொல்லாதே, அவர்களும் உன் பிள்ளைகள்தானே, பெனியின் போட்டோவைப் பார்த்தால் உன் கன்னம் அப்படியே வந்திருக்கிறது.

இன்னொன்று, இதற்காகத்தான் கடிதத்தை இவ்வளவு நீட்டினேன். நீ விழுந்ததைச் சொன்னபோது உன் அப்பா ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார், நான் கோபித்துக்கொண்டேன், பெற்றவருக்கு இவ்வளவுதானா என்று. உன் கல்யாணத்துக்கு வந்தபோது விமானத்தில் பெல்ட் எட்டாமல், பணிப்பெண் எல்லார் முன்னாலும் கூடுதல் பட்டை கொண்டுவந்து மாட்டியதிலிருந்து அவர் சாகும்வரை விமானம் ஏறமாட்டேன் என்று சொல்லியிருந்தார், உன் முதல் பிள்ளை பிறந்ததற்குக்கூட வரவில்லை. நேற்று அத்தை வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும், அவர் அவளிடம் போய், "பையன்கிட்டப் போகணும்க்கா" என்றாராம், ரெண்டு பேரும் டவுனுக்குப் போய் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் வருகிறார், கிறிஸ்மஸுக்கு உன்னோடு சேர்ந்துதான் திரும்புவார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்கிறேன்.

அவரை விமான நிலையத்திலிருந்து நேராக விருந்துக்கு இழுத்துப் போகாதே. எலெனோவாவிடம் கீரையும் மீனும் வாங்கி வைக்கச் சொல். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், உன் பிள்ளைகள் உன் தோளுக்கு மேல் வளர்வதை நீ பார்க்க வேண்டும். எலெனோவாவுக்கு என் முத்தம், பெனிக்கும் சின்னதுக்கும் சிசிலியா அத்தையின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: உன் அப்பாவுக்குப் பிள்ளையிடம் பேசத் தெரியாது, அது உனக்கே தெரியும். விடியற்காலையில் எழுந்து நடக்கப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டு உன் வாசலில் போய் நிற்பார். கதவைத் தட்டமாட்டார், உன்னை வா என்று கூப்பிடவும் மாட்டார். நீயாக எழுந்து வெளியே வா.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா
லூபே